கல் வராத ஆறு மீட்டர்

காமோ,
ஏப்ரல் 18, 1982

அன்புத் தம்பி கென்சாகுவுக்கு,

அக்கா மசுயோ எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? உங்கள் மலையில் இன்னும் இடுப்பளவு பனி கிடக்கிறது என்று பேருந்து நிலையத்தில் பேசிக்கொண்டார்கள். இங்கே செர்ரி பூத்து முடிந்து சாக்கடையெல்லாம் இதழ். எனக்கு ஒரு குறையும் இல்லை. சுத்தியல் பட்டு வலது கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது, அவ்வளவுதான்.

உன் கடிதத்தைப் பட்டறையில் நின்றபடியே படித்தேன். "குரோதானி சுரங்கப்பாதையில் வேலை. தள மேலாளர் பெயர் ஒனோதேரா." அந்த வரியை இரண்டு முறை படித்தேன். முதலாளி பயந்துவிட்டார்.

"என்னம்மா, சொந்தத்துல யாராச்சும் தவறிட்டாங்களா?"

"இல்லீங்க. ஒருத்தன் உயிரோட இருக்கான். அதான் சந்தோஷம்" என்றேன்.

அன்றைக்கு நீ பதினாறு வயதுப் பிள்ளை. உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியவில்லை. ஹினோகுச்சி சுரங்கத்தில், வெட்டப்போகிற மலை எப்படிப்பட்டது என்று முன்கூட்டியே பார்க்க உன் அத்தான் துளை போட்டார். மலைக்குள்ளிருந்து வந்த கல்லுருளைகளை மீட்டர் மீட்டராகப் பெட்டியில் அடுக்கினார். மலை நொறுங்கிச் சேறாய்க் கிடக்கும் இடத்தில் கல் வராது, தண்ணீரோடு கரைந்து போய்விடும். அந்த நீளத்துக்கு ஒரு மரக்கட்டை வெட்டி, "இங்கே கல் வரவில்லை" என்று எழுதிப் பெட்டியில் வைக்க வேண்டும். அதுதான் இடைக்கட்டை. "வந்த கல்லைப் பாக்காதே மசுயோ, வராத கல்லைப் பாரு, அதுதான் ஆளைக் கொல்லும்" என்பார் உன் அத்தான். மூன்று மீட்டருக்குக் கட்டை வைத்தார். அங்கே மேற்பார்வை பார்த்த ஒனோதேரா அதை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டு, வேறு துளையின் நல்ல கல்லை அங்கே அடைத்தான். மலை இறங்கி நாலு பேர் செத்தார்கள். துளைக்காரன் தூங்கிவிட்டுப் பொய் எழுதினான் என்று விசாரணையில் முடிவாயிற்று. மூன்றாம் பனிக்காலத்தில் உன் அத்தான் குடித்துவிட்டுப் பனியில் படுத்தார். எழுந்திருக்கவில்லை.

அடுப்புக்குப் போகாமல் தப்பிய ஒரு கட்டை என்னிடம் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் கல்பெட்டிக்கு ஆணி அடித்தேன், உன்னைப் படிக்க வைத்தேன். நீ யாருடைய மச்சினன் என்று அங்கே மூச்சு விடாதே. அவனுக்கு முடி நரைத்துவிட்டதா என்று மட்டும் எழுது.

முள்ளங்கி ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன். உப்பு சற்றுத் தூக்கல், கொஞ்சமாகத் தொட்டுக்கொள்.

அக்கா
மசுயோ

*

குரோதானி,
மே 9

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உங்கள் ஊறுகாய் வந்த இரண்டு நாளில் விடுதியே காலி செய்துவிட்டது. நான் நலம். கட்டைவிரலுக்கு மருந்து போடுங்கள், துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகாதீர்கள்.

முடி நரைத்துவிட்டது, அக்கா. முழுக்க வெள்ளை. ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் ஆள் இல்லை. சிரித்துப் பேசுகிறார். ஒவ்வொரு தொழிலாளியின் பிள்ளை பெயரும் தெரிந்து வைத்திருக்கிறார். அவரை வெறுக்க நான் தினமும் காலையில் எழுந்து முயற்சி செய்ய வேண்டியிருக்கிறது.

பயம் என்பது அவருக்கு அறவே பிடிக்காது. சென்ற வாரம் ஒரு கூத்து. இங்கே சுரங்கத்துக்குள் பெண் கால் வைக்கக் கூடாது. மலைத்தெய்வம் பெண், இன்னொரு பெண்ணைக் கண்டால் பொறாமையில் மலையை இறக்கிவிடுவாள் என்பது இவர்கள் நம்பிக்கை. சமையற்கட்டுப் பெண்கள் சாப்பாட்டை வாயிலில் கட்டிய வைக்கோல் கயிறு வரை கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அன்று ஒருத்தியின் தொப்பி காற்றில் பறந்து உள்ளே விழ, எடுக்க இரண்டடி வைத்துவிட்டாள். அவ்வளவுதான், உள்ளே வேலை செய்த பதினோரு பேரும் வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒனோதேரா தன் சோற்றுருண்டையை எடுத்துக்கொண்டு தனியாக உள்ளே போனார். வெட்டுகிற முகப்பில், பாறையின் மூக்குக்கு எதிரே உட்கார்ந்து, தின்றுவிட்டுத் திரும்பினார்.

"என்னடா, மலை என்னைத் தின்னுச்சா? நான்தான் அதும்முன்னாடி உக்காந்து தின்னுட்டு வந்தேன்!"

எல்லோரும் சிரித்துவிட்டு வேலைக்குப் போனார்கள். மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. பூசாரியை வரவழைத்து உப்பும் சாராயமும் தெளித்த பிறகுதான் உள்ளே போனார். அவர் பெயர் மினேத்தா. முப்பத்தொரு வயது. ஹினோகுச்சியில் செத்த நாலு பேரில் ஒருவர் அவருடைய அப்பா.

மழைக்காலம் வருகிறது, குடையை மறக்காதீர்கள்.

உங்கள்
கென்சாகு

*

காமோ,
மே 20

தம்பிக்கு,

நகம் விழுந்து புதிது முளைக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடு.

மினேத்தாவின் மகனா? அவன் அம்மாவை மறக்க முடியுமா. உன் அத்தான் கருமாதியன்று வாசலில் வந்து நின்று, பேயை விரட்டுவதுபோல இரண்டு கையாலும் உப்பை வாரி எறிந்தாள். "எம்புருசனைக் கொன்னவன் வீட்டுல ஊதுபத்தி ஒரு கேடா!" என்றாள். என் தலைமுடியில் அந்த உப்பு மூன்று நாள் இருந்தது. அவள் மகனும் ஒனோதேராவும் ஒரே மலைக்குள் போய்வருகிறார்கள் என்றால், மலைக்குப் புத்தி இருக்கிறது.

ஒனோதேரா நல்லவனாக இருக்கிறான் என்று எழுதியிருக்கிறாய். பாம்பும் வெயிலில் படுத்திருக்கும்போது சாதுதான்.

ஒன்று செய். ஹினோகுச்சிக் கல்பெட்டிகளை நிறுவனம் கிடங்கில் வைத்திருக்கும், தூக்கிப் போட மாட்டார்கள். ஏதாவது சாக்கு வைத்து அங்கே போ. எட்டாம் பெட்டி. கல்லைப் பார்க்காதே, கல்லைத் தூக்கிவிட்டு அடிப்பலகையைப் பார். ஈரக் கல் படுத்த இடத்தில் தேவதாரு மரம் கறுத்துவிடும். காய்ந்த கட்டை படுத்த இடம் வெளுப்பாகவே இருக்கும். கட்டை அங்கே ஒன்பது நாள் இருந்தது. நான் பெட்டி செய்கிறவள், எனக்குத் தெரியும்.

அக்கா

*

குரோதானி,
ஜூலை 6

அக்காவுக்கு,

பதில் எழுத ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ள வேண்டாம். உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்காலில் வாதம் என்று அண்டை வீட்டம்மாள் எழுதியிருந்தார். நீங்கள் அதை என்னிடம் சொல்லவே இல்லை.

கிடங்குக்குப் போக இப்போதுதான் வாய்ப்புக் கிடைத்தது. எட்டாம் பெட்டியின் மேல் பதினோரு வருஷத் தூசி. முதல் மூன்று வரிசைக் கல்லும் இளஞ்சிவப்பு. மற்றதெல்லாம் சாம்பல் நிறம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான், யாரும் சோற்றைக் கிளறிப் பார்க்கவில்லை. கல்லைத் தூக்கினேன். கீழே மூன்று நீண்ட வெள்ளைத் தடங்கள், ஒரு மீட்டருக்கு ஒன்று. அத்தான் செதுக்கிய கட்டையின் முனைச்சாய்வு கூட அப்படியே பதிந்திருந்தது.

கிடங்குக் காவலாளி, "என்ன சார், கண்ணுல தூசியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

படம் எடுத்துவிட்டேன். ஆனால் அக்கா, தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டினேன். கட்டையை எடுத்தது யார் என்பதற்கு இதில் சாட்சி இல்லை, அத்தானே மாற்றி வைத்தார் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள் என்கிறார்.

மருத்துவரைப் பாருங்கள்.

கென்சாகு

*

காமோ,
ஜூலை 15

தம்பிக்கு,

முழங்கால் கிடக்கட்டும்.

வெள்ளைத் தடம் பற்றிய பக்கத்தை உன் அத்தான் படத்துக்கு முன்னால் சத்தமாகப் படித்தேன். ஊதுபத்தி இரண்டு ஏற்றினேன்.

வழக்கறிஞர் சொல்வது சரிதான். நீ அவசரப்படாதே. ஒருமுறை திருடி மாட்டாத கை மறுமுறையும் நீளும். உன் மலையிலும் ஒருநாள் கல் வராது. அன்றைக்கு அவன் என்ன செய்கிறான் என்று பார். அவன் முத்திரையோடு பிடி.

முன்னோர் திருநாளுக்கு நீ வர வேண்டாம். அங்கேயே இரு.

அக்கா

*

குரோதானி,
செப்டம்பர் 3

அக்காவுக்கு வணக்கம்.

வெயில் குறையவே இல்லை, தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

நீங்கள் சொன்னது நடந்துவிட்டது.

முகப்பிலிருந்து முன்னோக்கி ஐம்பது மீட்டர் துளை போட்டோம். நாற்பத்தொரு மீட்டர் வரை கருங்கல், தட்டினால் மணிபோல ஒலிக்கிறது. அதற்கப்பால் ஆறு மீட்டருக்கு ஒன்றுமே வரவில்லை. குழாயில் பால்போலத் தண்ணீரும், விரலில் ஒட்டுகிற நீலச் சேறும்தான். அந்தப் பக்கம் முழு மலையின் தண்ணீரும் ஒரு களிமண் சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறது. ஆறு கட்டை வெட்டி, எழுதி, பெட்டியில் வைத்தேன். அன்றைய செய்தித்தாளைப் பக்கத்தில் விரித்துப் படமும் எடுத்தேன்.

ஒனோதேரா பெட்டியை வெகுநேரம் பார்த்தார். நவம்பரில் மந்திரி வந்து மறுபக்கம் திறப்பதாக ஏற்பாடு. இந்த ஆறு மீட்டரை ஒழுங்காகக் கடக்க வேண்டுமானால் தண்ணீரை முதலில் வடிக்க வேண்டும், சிமென்ட் பாலைச் செலுத்தி மண்ணைக் கெட்டிப்படுத்த வேண்டும். நாலு மாதம் ஆகும்.

"தம்பி, துளைக் குழாய்ல கல்லு தேஞ்சு போறது சகஜம். எல்லாத்துக்கும் கட்டை வச்சா பெட்டியில கட்டைதான் இருக்கும், மலை இருக்காது. ரெண்டாம் துளையில நல்ல கல்லு மிச்சம் கிடக்குல்ல?"

"எழுத்துல குடுங்க ஐயா" என்றேன்.

சிரித்தார். தன் கையாலேயே என் கட்டைகளை எடுத்தார், கல்லை அடைத்தார், பதிவேட்டில் முத்திரையும் குத்தினார். கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. மாலையில் நிறைந்த பெட்டியையும் படம் எடுத்தேன். இரண்டு படமும் முத்திரைத் தாளின் நகலும் என் படுக்கைக்கு அடியில் இருக்கின்றன.

நாளொன்றுக்கு இரண்டு மீட்டர் வெட்டுகிறார்கள். களிமண் சுவருக்கு இன்னும் இருபது நாள். நான் இப்போதே சொல்லிவிடட்டுமா? சோறு இறங்கவில்லை.

கென்சாகு

*

காமோ,
செப்டம்பர் 8

தம்பிக்கு,

சோறு இறங்காவிட்டால் கஞ்சி குடி.

இப்போதே சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? மேசைக்குப் பின்னால் நாலு பேர் வரிசையாக நின்று இடுப்பை வளைத்துக் கும்பிட்டு, "கவனக்குறைவுக்கு வருந்துகிறோம்" என்பார்கள். அவனை வேறு ஊருக்கு மாற்றுவார்கள். உன் அத்தான் பெயர் பனிக்கடியிலேயே கிடக்கும். செத்த நாலு பேருக்காகத்தான் ஊர் ஹினோகுச்சியைத் திரும்பிப் பார்த்தது. சாகாதவர்களுக்காக யாரும் கழுத்தைத் திருப்ப மாட்டார்கள்.

காத்திரு. பத்து நாளாவது பொறு. அந்த மேஸ்திரியின் அம்மாவுக்கும் தெரியட்டும்.

இதை எழுதும்போது என் கை நடுங்கவில்லை. அவனுக்கு மட்டும்தான் நடுங்காத கை என்று நினைத்தாயா?

அக்கா

*

தகாயாமா,
செப்டம்பர் 17

அக்கா,

நலம் விசாரிக்க மனம் ஓடவில்லை, மன்னியுங்கள்.

என்னால் பத்து நாள் பொறுக்க முடியவில்லை. நாலு நாள் பொறுத்தேன். அந்த நாலு நாளும் என் பாவக்கணக்கில் ஏறியிருக்கும். பன்னிரண்டாம் தேதி மினேத்தாவிடம் இரண்டு படத்தையும் காட்டினேன். அவர் நேரே ஒனோதேராவிடம் போய்க் கேட்டார். ஒனோதேரா என் சான்றிதழ்களை வாங்கிப் பார்த்தவர், நான் யார் வீட்டுப் பிள்ளை என்று எப்போது விசாரித்தாரோ தெரியாது. பதினோரு பேருக்கும் முன்னால் சொன்னார்:

"யாரு சொல்றான்னு பாத்தீங்களா? இவன் தோகுஜியோட மச்சினன்டா! அவன் ஒரு பெட்டியில பொய் சொல்லி நாலு பேரைக் கொன்னான். இவன் இன்னொரு பெட்டியில பொய் சொல்லி நம்ம வேலையைக் கொல்ல வந்திருக்கான்."

மினேத்தா என் முகத்தில் துப்பவில்லை. அது ஒன்றுதான் குறை. "எங்கப்பன் பொணத்தை மூணு துண்டா எடுத்தோம். உங்கத்தான் வச்ச பெட்டியை நம்பித்தான் உள்ள போனாரு. இனி உங்க வீட்டுப் பெட்டி எதையும் நான் நம்ப மாட்டேன்" என்றார். 

அன்று மாலையே என்னைத் தகாயாமா அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். சுரங்கத்துக்குள் நுழையத் தடை. படங்களைத் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன், தொலைபேசியில் மூன்று முறை கெஞ்சினேன். "பரிசீலனையில் இருக்கிறது" என்கிறார்கள். காவல் நிலையத்தில் ஒரு அதிகாரி, மலை விழுந்த பிறகு வரச் சொன்னார்.

வேகத்தைக் கூட்டிவிட்டார்களாம். முகப்புக்கும் களிமண் சுவருக்கும் நடுவே இன்னும் ஏழு மீட்டர் இருந்தால் அதிகம். நேற்றிலிருந்து முகப்பில் கசிகிற தண்ணீர் கலங்கி வருகிறது என்று சமையற்கட்டுப் பெண் சொன்னாள். தெளிந்த தண்ணீர் வந்தால் மலை வியர்க்கிறது. கலங்கி வந்தால் கரைகிறது. மூன்று நாள்கூடத் தாங்காது. காலை வேளையில் பதினோரு பேர் உள்ளே இருக்கிறார்கள், அக்கா. ஒருத்தனுக்குப் போன மாதம் பெண் குழந்தை பிறந்தது.

இவர்கள் படத்தை நம்பவில்லை, கல்லை நம்பவில்லை, என்னை நம்பவில்லை. வேறு எதைத்தான் நம்புவார்கள்?

கென்சாகு

*

தகாயாமா,
செப்டம்பர் 21

அக்கா,

வானொலியில் கேட்டேன். நேற்றுப் பகல் ஒரு மணி பத்து நிமிஷத்துக்குக் குரோதானியில் முகப்பு உடைந்து, நானூறு மீட்டர் நீளத்துக்குச் சேறு நிறைந்துவிட்டது. உள்ளே இருந்தவர் ஒரே ஒருவர், தள மேலாளர். மற்ற பதினோரு பேரும் வெளியே வைக்கோல் கயிற்றுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்களாம். காலையில் யாரோ ஒரு பெண் உள்ளே நுழைந்துவிட்டாள் என்று வேலை நின்றுபோயிருந்தது.

காமோவுக்குத் தொலைபேசியில் பேசினேன். இரண்டு நாளாக நீங்கள் பட்டறைக்கு வரவில்லை என்றார் முதலாளி.

அது நீங்கள்தானே?

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அவர் உள்ளே போவார் என்று உங்களுக்குத் தெரியுமா?

கென்சாகு

*

காமோ,
அக்டோபர் 2

தம்பிக்கு,

நான் நலமாக வந்து சேர்ந்தேன். முழங்கால் வீங்கி ஒரு வாரம் படுத்திருந்தேன், இப்போது பரவாயில்லை. உனக்கு உறக்கம் வருகிறதா?

நான்தான். உன் கடிதம் வந்ததும் ரயில் ஏறிவிட்டேன். அவர்கள் எதை நம்புவார்கள் என்று கேட்டிருந்தாயே, மே மாதமே எனக்கு நீதான் எழுதினாய். சமையற்கட்டுப் பெண்கள்போல் வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, கையில் ஒரு சாப்பாட்டுக் கூடையோடு நடந்தேன். கயிற்றருகே மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். நான் குனிந்து கயிற்றைத் தாண்டினேன். இருட்டும் இல்லை ஒன்றும் இல்லை, விளக்கு வரிசையாக எரிகிறது. உன் அத்தான் வேலை பார்த்த மாதிரி இடத்தை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தேன். இருநூறு அடி போயிருப்பேன். மண் அள்ளும் வண்டிக்காரன் என்னைக் கண்டதும் எமனைக் கண்டவன்போல அலறினான்.

பிறகு கேட்க வேண்டுமா! பதினோரு பேரும் ஓடிவந்தார்கள். மினேத்தா மகன் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தான். அப்பன் முகம் அப்படியே இருக்கிறது.

"யாரு தாயி நீ? எங்க உசுரோட விளையாட வந்தியா?"

"நான் தோகுஜி பொண்டாட்டி. உங்கம்மா போட்ட உப்பு இன்னும் எந்தலையில இருக்கு. அதோடதான் உள்ள போனேன். இனி நீ எப்படி உள்ள போறேன்னு பாக்குறேன்."

அவன் பூசாரிக்கு ஆள் அனுப்பினான். பூசாரி மறுநாள்தான் வர முடியும் என்றார்கள். யாரும் அசையவில்லை. இதைத்தான் நான் நினைத்துப் போனேன், இதுதான் நடந்தது.

ஒனோதேரா வந்தான். கத்தினான், கெஞ்சினான், ஒவ்வொருவனின் பிள்ளை பெயரையும் சொல்லிக் கூப்பிட்டான். ஒருவனும் எழவில்லை. அலுவலகத்து முன் பெஞ்சில் போய் உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரித்தான். நான் எதிரேதான் நின்றிருந்தேன். என்னை ஏறிட்டுப் பார்த்தான், அடையாளம் தெரிந்தது.

அப்புறம் அவன் உள்ளே போனான். அரை மணி நேரத்தில் சுரங்கத்து வாயிலிருந்து ஒரு காற்று வந்தது. என் தலைத்துணியைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. அதன் பிறகுதான் சத்தம்.

மினேத்தா மகன் மண்டி போட்டு அழுதான். தன் கை கால் இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்துக்கொண்டான். நான் அழவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, தம்பி. இப்போதும் இருக்கிறது. உன்னிடம் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். பதினோரு வருஷம் நின்ற தெய்வத்துக்குக் கால் வலித்திருக்கும்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. முள்ளங்கியை வெயிலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். கம்பளி அனுப்பட்டுமா?

அக்கா

*

தகாயாமா,
நவம்பர் 14

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நான் நலம். கம்பளி வேண்டாம், இங்கேயே வாங்கிவிட்டேன். முழங்காலுக்கு வெந்நீர் ஊற்று நல்லது என்கிறார்கள், போய் வாருங்கள்.

விசாரணை முடிந்தது. இரண்டு படமும் முத்திரைத் தாளும் பேசிவிட்டன. ஹினோகுச்சிப் பெட்டியையும் மேசை மேல் வைத்துக் கல்லைத் தூக்கிக் காட்டினேன். மூன்று வெள்ளைத் தடங்களையும் ஒவ்வொருவராக எழுந்துவந்து பார்த்தார்கள். துளைக்காரர் தோகுஜியின் பதிவு சரியானது என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். நகல் இதோடு இருக்கிறது. மினேத்தா தன் அம்மாவை அழைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வரப்போவதாகச் சொன்னார்.

ஒனோதேராவின் உடல் இருபத்தெட்டாம் நாள்தான் கிடைத்தது. சாப்பாட்டுப் பெட்டி மடியிலேயே இருந்தது.

அக்கா, இத்தனை நாள் இந்தக் கடிதத்தை எழுதாமல் தள்ளிப்போட்டேன். பெஞ்சில் உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரித்தான் என்று எழுதினீர்கள். அடுத்த வரியில் உள்ளே போனான் என்று எழுதினீர்கள். இரண்டுக்கும் நடுவில் கல் வரவில்லை. நான் கேட்ட கேள்விக்கும் பதில் வரவில்லை. தானாகத்தான் போனான் என்று நானே எதையாவது இட்டு நிரப்பிக்கொள்ளலாம். உங்கள் தம்பிக்கு அது சுலபம். ஆனால் அந்த வேலையைச் செய்தவனைத்தான் நாம் இத்தனை வருஷம் வெறுத்தோம்.

அதனால் அந்த இடத்தில் ஒரு கட்டை வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதினாலும் எழுதாவிட்டாலும் என் அக்காதான்.

கென்சாகு

*

காமோ,
டிசம்பர் 5

அன்புத் தம்பிக்கு,

நேற்று முதல் பனி. நான் நலம். வெந்நீர் ஊற்றுக்குப் போய்வந்தேன், கால் மடங்குகிறது.

மினேத்தாவின் அம்மா மகனோடு வந்தாள். வாசலில் நெற்றி தரையில் படக் கும்பிட்டாள். கிழவியாகிவிட்டாள். உள்ளே போய் உப்புப் பையை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தேன். "மிச்சம் ஏதும் இருந்தா எறிஞ்சிட்டுப் போ" என்றேன். அவள் அந்தப் பையைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து பார்த்தேன், போய்விட்டிருந்தார்கள். தேநீராவது கொடுத்திருக்கலாம்.

நீ கேட்டதைத் தாளில் எழுத வரவில்லை. இந்தக் கடிதத்தோடு வருகிற பொட்டலத்தைப் பிரித்துப் பார். உன் அத்தானின் கட்டை. அவர் பெயர் துலங்கிவிட்டது, இனி என்னிடம் அதற்கு வேலை இல்லை. ஒரு பக்கத்தில் அவர் கையெழுத்து இருக்கிறது: "இங்கே கல் வரவில்லை." மறுபக்கத்தில் நான் எழுதியிருக்கிறேன். அதைப் படித்த பிறகு உன் பெட்டியில் அந்த இடத்தில் வை. அளவு சரியாக இருக்கும்.

அக்கா
மசுயோ

[கட்டையின் மறுபக்கத்தில், மையில்:]

"மலை மூஞ்சிக்கு எதிர்ல உக்காந்து சாப்புடுவீங்கன்னு கேள்விப்பட்டேனே. இன்னிக்கு என்ன ஐயா, வெளியில சாப்புடுறீங்க?" என்று கேட்டேன். ஆட்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்தான்.

தண்ணீர் கலங்கியது எனக்குத் தெரியும். நீதான் எழுதியிருந்தாய்.